ஐந்து இதழ் அய்குல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தைலப் புட்டியோடு வந்தது. துர்துகான் அக்கா முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க என் மருந்துக்கடைக்கு வந்தார். புட்டியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் போகவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, நீ என்னமோ கதை கிதை எழுதுவியாமே, உன் பாஷைல."

(ஊருக்கே நான் மாப்பிள்ளை. மருத்துவம் படிக்க நம்மூரிலிருந்து இந்த மலைநாட்டின் ஓஷ் நகரத்துக்கு வந்தேன், மூன்றாம் வருடம் படிப்பை விட்டேன், பெர்மெத்தைக் கட்டிக்கொண்டு இருபத்து மூன்று வருடமாக இந்த மலையடிவாரத்தில் கிடக்கிறேன். அது வேறு கதை. அதில் நான் நல்லவனாக வரமாட்டேன்.)

"எழுதுவேன்க்கா."

"அத இங்க யாராச்சும் படிப்பாங்களா?"

"ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது."

"அப்ப சொல்றேன்."

இரண்டு நிபந்தனைகள் போட்டார். மலையில் ஒரு குறிப்பிட்ட இடம் எங்கே இருக்கிறது என்று எழுதக்கூடாது. கதையில் எந்த இடத்திலும் அவர் அழக்கூடாது. "அழுதேன்னு எழுதினே, உன் கடைக் கண்ணாடி முழுசா இருக்காது, பாத்துக்க."

2

தொடக்கம்தான் எனக்கு எப்போதும் வராது. எழுதிப் பார்த்தவற்றை அப்படியே வைக்கிறேன்.

"பாட்கென் மலைகளில் வசந்தம் நாணம் கொண்ட மணமகளைப் போல மெல்ல மெல்ல"

இதைச் சாப்பிடும்போது பெர்மெத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "எந்த மணமக மெல்ல வந்தா? நம்ம கல்யாணத்துக்கு நான் வைக்கோல் லாரில வந்தேன்" என்றாள். விட்டுவிட்டேன்.

"அய்குல் என்றால் நிலாப்பூ. விதை விழுந்து ஏழு வருடம் இலையை மட்டும் காட்டி ஏமாற்றிவிட்டு, அதன் பிறகே பூக்கும். இடுப்புயரத் தண்டின் உச்சியில் ஆரஞ்சு மணிகள் தலைகீழாகத் தொங்கும். ஏப்ரலில் இரண்டே வாரம், பிறகு"

"பரீட்சை வைக்கப் போறியா?" என்றாள் பெர்மெத்.

"துர்துகான் தன் தம்பி பெண்டாட்டிக்கே தண்டம் போட்டவள்."

பெர்மெத் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். "ம். அப்புறம்?"

எதிராளி அப்புறம் என்று கேட்டுவிட்டால் அதுதான் தொடக்கம்.

3

துர்துகான்* தன் தம்பி பெண்டாட்டிக்கே தண்டம் போட்டவள். (கடையில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. கதைக்குள் வந்துவிட்டால் யாருக்கும் மரியாதை கிடையாது, மன்னிக்கவும்.) கல்யாணமான மறுநாள் மலைக்குப் படமெடுக்க வந்த அந்தப் பெண், ஒரு அய்குலைப் பறித்துக் காதோரம் செருகிக்கொண்டாள். துர்துகான் குதிரையிலிருந்து இறங்கினாள். புதுப்பெண்ணின் கன்னத்தில் முத்தமிட்டாள். "அழகா இருக்கேடி கண்ணு" என்றாள். சொன்ன கையோடு தண்டச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். தம்பி நான்கு வருடம் அவளோடு பேசவில்லை.

அவள் சின்ன வயதில் இந்தப் பூவைக் கட்டுக்கட்டாக வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அறுத்து அறுத்து மலை மொட்டையானது. காவல் போட்டபோது ஆண்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. பூவுக்குக் காவல் இருந்தேன் என்று தேநீர்க்கடையில் எப்படிச் சொல்வது? துர்துகான் வந்தாள். கதை நடந்த நாள் வரைக்குமான பதினொரு வருடத்தில் காவல்நிலையக்காரர், முல்லா, பல்வைத்தியர், எவரையும் அவள் விட்டதில்லை.

* துர்துகான் என்றால் 'தங்கிவிட்டவள்'. முந்தைய குழந்தைகள் தங்காத வீட்டில் வைக்கிற பெயர். நம் பக்கம் குப்பம்மாள், பிச்சை என்று வைப்போமே, அதேதான். எமனை ஏமாற்றுவதில் எல்லா ஊர்க்காரர்களும் கெட்டிக்காரர்கள்.

4

ஐந்து வருடத்துக்கு முன்னால் மார்ச் மாதமே வெயில் கொளுத்தியது. பூக்கள் முந்திக்கொண்டன. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் மலை முழுக்க இதழ் உதிர்ந்து வெறும் காய்த் தண்டுகள் நின்றன. பூ விழாவோ பதினெட்டாம் தேதி. தலைநகரத்திலிருந்து கடிதத்தில் குறித்து அனுப்பிய தேதி.

ஊராட்சித் தலைவர் சாதிர்பெக் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு துர்துகான் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, பதினெட்டு வரைக்கும் பூவக் கொஞ்சம் நிறுத்தி வைக்கணுமே."

"எப்படி தலைவரே? கயிறு கட்டியா?"

"வெளையாடாதீங்க. பெரிய அதிகாரி குடும்பத்தோட வர்றாரு. மொட்டை மலையக் காட்டினா அடுத்த வருசம் விழா மலைக்கு அந்தாண்ட ஊருக்குப் போயிடும். விழா போச்சுன்னா ரோடு போச்சு. ரோடு போச்சுன்னா உங்க காவல் வேலையும் போச்சு."

"பூ முடிஞ்சுதுன்னு தகவல் அனுப்புங்க."

"மேலேருந்து வந்த தேதிய நாம கீழேருந்து மாத்தறதா? பூவுக்கில்ல புத்தி வேணும்!"

பூவுக்கு இல்லாத புத்தியைத் தலைவரே பயன்படுத்தினார். கல்யாண மண்டபத்து அலங்காரத்திலிருந்து பிளாஸ்டிக் செம்பருத்திகள் இருநூறு வந்தன. பாலர் பள்ளி ஆசிரியைகள் அவற்றைக் கம்பியில் தலைகீழாகக் கட்டினார்கள். பேருந்து நிழற்குடைக்கு அடித்து மிச்சமிருந்த ஆரஞ்சுப் பெயின்டை அவற்றுக்குப் பூசினார்கள். விருந்தினர்களை அடிவாரத்தோடு நிறுத்திவிட்டால் தூரத்துக்கு எல்லாம் பூதான் என்பது திட்டம்.

"என் கையால ஒண்ணுகூட நட மாட்டேன்" என்றாள் துர்துகான்.

பதினெட்டாம் தேதி விடியலில் அவள் மலையேறிப் பார்த்தாள். ஊராட்சி ஆட்கள் பூக்களை வரிசையாக, சாண் இடைவெளியில், முட்டைக்கோஸ் தோட்டம் போல நட்டிருந்தார்கள். காறித் துப்பினாள். வீட்டைப் பார்த்து முப்பது அடி நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். மறுபடி திரும்பினாள். பிறகு குதிரையைப் பாறையில் கட்டிவிட்டுப் பாதிக்கு மேல் பிடுங்கி, கல்லிடுக்கிலும் சரிவின் நிழலிலும், அய்குல் எங்கெங்கே நிற்குமோ அங்கங்கே நட்டாள். உள்ளங்கையெல்லாம் ஆரஞ்சு. முந்தின ராத்திரி பூசிய பெயின்ட், மலைக் குளிரில் காயவே இல்லை.

[இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நேர்மையான பொம்பிளை இதைச் செய்வாளா? வாசகர் நம்புவாரா? அக்காவிடமே கேட்டேன். "தப்புதான். அதுக்காகத் தப்பத் தப்பாவா செய்யிறது?" என்றார்.]

5

விழா நன்றாகத்தான் தொடங்கியது. கல்யாணங்களுக்கு மைக் செட் விடுவது என் உபதொழில் என்பதால் நானும் அங்கே இருந்தேன். பெரிய கொப்பரையில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. அதிகாரி நாற்பத்தெட்டு வயதுக்காரர், புதுக் காலணி போட்டிருந்தார். மலையைக் கைகாட்டிப் பேசினார்: "இந்தப் பூக்களைப் போலவே நம் மக்களும் எந்த வெயிலுக்கும் எந்தக் குளிருக்கும் வாடாதவர்கள்!"

சாதிர்பெக் யாரையும்விட பலமாகக் கைதட்டினார்.

துர்துகான் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், அவள் கண் சரிவில்தான் இருந்தது. அங்கே பழுப்பு மேலங்கி போட்ட ஒரு கிழவி, தடுப்புக் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, தடியை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். அதிகாரியின் தாய் உல்கான், எழுபத்தெட்டு வயது. முதல் பூவிடம் போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வெடுக்கென்று பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டாள்.

துர்துகானின் கை தானாகச் சீட்டுப் புத்தகத்துக்குப் போனது. பாதியில் நின்றது.

தண்டம் போட்டால், பிளாஸ்டிக்குக்குப் போட்ட மோசடிக்காரி. போடாவிட்டால், பெரிய மனிதரின் தாய் என்று விட்டுக்கொடுத்தவள். தம்பி பெண்டாட்டியின் முகம் வேறு கண்முன்னால் வந்து நின்றது. எப்படிப் பார்த்தாலும் பதினொரு வருடம் இன்றோடு போனது. அவளுடைய கண்கள்

(நிபந்தனை இரண்டு. கண்களில் தூசி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே காற்று அதிகம்.)

குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு கிழவியிடம் போனாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு.

"அம்மா, பையில இருக்கறது..."

"பிளாஸ்டிக்கு" என்றாள் உல்கான்.

துர்துகான் தன் ஆரஞ்சு உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"நாப்பது வருசம் பள்ளிக்கூடத்துல தாவரவியல் நடத்தியிருக்கேன். அய்குலுக்கு ஆறு இதழு. இதுக்கு அஞ்சு. கீழேருந்து பாத்தப்பவே மனசு அரிச்சுது. மேல வந்து எண்ணினேன். எல்லாத்துக்கும் அஞ்சு! எந்தக் கழுத கட்டினது இத?"

"பாலர் பள்ளி டீச்சருங்க."

"அதான பாத்தேன்."

"தெரிஞ்சும் எதுக்கும்மா பறிச்சீங்க?"

"தெரிஞ்சதாலதான் பறிச்சேன். நெசப் பூவா இருந்தா தொடுவேனா? நான் டீச்சர்டீ." கிழவி ஆரஞ்சு ஒட்டிய விரலை மேலங்கியில் துடைத்தாள். "பாடத்துல படம் வரைஞ்சு காட்டி நாப்பது வருசம் ஓட்டிட்டேன். ஒரு தடவகூட கண்ணால பாத்ததில்ல. வேல, புள்ள, அப்புறம் இந்த முட்டி. இந்த வருசம்தான் எம் புள்ளைக்குக் கார்ல இடம் இருந்துச்சு. வந்து பாத்தா செம்பருத்தி தலைகீழாத் தொங்குது."

துர்துகான் தலையைத் தொங்கப்போட்டாள்.

"கண்ணப் பாத்துச் சொல்லு. மலைல ஒண்ணுகூடவா மிச்சமில்ல?"

கீழே ஒலிபெருக்கியில் அதிகாரி இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். மொத்தம் ஒன்பது பக்கம். துர்துகான் மேலே பார்த்தாள். வெயில் படாத ஒரு மடிப்பில் பனி மெதுவாகத்தான் கரையும். நான்கு நாளுக்கு முன்னால் அங்கே ஒரு தண்டில் மொட்டு இருந்தது. நான்கு நாள் வெயிலில் என்ன ஆகியிருக்குமோ.

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"நான் குதிரை ஏறி முப்பது வருசமாச்சு" என்று சொல்லிக்கொண்டே கிழவி சேணத்தைப் பிடித்தாள். "தூக்கி விடு."

6

[இங்கே ஒரு பக்கம் காலியாக இருக்கிறது. அவர்கள் மேலே போனதை என்னால் எழுத முடியவில்லை. நான் கீழே மைக்கோடு இருந்தேன். கீழே நடந்ததைச் சொல்கிறேன்.]

அதிகாரி ஒன்பதாம் பக்கத்தை முடித்து, "இப்போது என் தாயார் இரண்டு வார்த்தை" என்று திரும்பினார். நாற்காலியில் தாயார் இல்லை. கழிப்பறையில் இல்லை. காரில் இல்லை. கொப்பரைக்குள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்ள, அறிவிப்புக் குடு!" என்று சாதிர்பெக் கத்தினார். குடுத்தேன்: "பழுப்பு மேலங்கி அணிந்த, தடி ஊன்றிய, வயதான அம்மா ஒருவரைக் காணவில்லை." கூட்டத்தில் பழுப்பு மேலங்கியும் தடியுமாக ஏழு அம்மாக்கள் எழுந்து நின்றார்கள்.

அப்போது ஒரு பாலர் பள்ளிப் பிள்ளை சரிவைக் காட்டி, "அந்தப் பாட்டி மலைமேல போச்சு" என்றது.

அதிகாரி ஓடினார். அவர் ஓடினால் உதவியாளர்கள் ஓட வேண்டும். அவர்கள் ஓடினால் காவலர்களும் விருந்தினர்களும் ஓட வேண்டும். தலைவர் எல்லோருக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு, "பூ! பூ! மிதிச்சுடாதீங்க, வேற வழியாப் போகலாம்!" என்று பின்பக்கமாகவே ஓடினார். எவர் கேட்டார்? தடுப்புக் கயிறு அறுந்தது. சரிவு செங்குத்து. கால் வழுக்கியவர்கள் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார்கள். கைக்குக் கிடைத்தது பூ.

கால் மணி நேரத்தில் மலையே அமைதியாகிவிட்டது. ஐம்பது பேர் அங்கங்கே நின்று தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கையும் ஆரஞ்சு. ஒருவர் காலணியில் ஒரு பூ குத்தி நின்றது. அதிகாரியின் கையில் வேரும் மண்ணும் இல்லாமல், கம்பியோடு ஒரு பூ.

"சாதிர்பெக்" என்றார் அதிகாரி, மிக மெதுவாக.

சாதிர்பெக் தொப்பியைக் கழற்றினார். தொப்பியிலும் ஐந்து விரல் பதிந்தது.

அந்த நேரத்தில்தான் மேல் வளைவில் குதிரை தெரிந்தது. துர்துகான் கடிவாளத்தைப் பிடித்து நடந்துவர, உல்கான் பாவாடை முழுக்கச் சேறோடு சேணத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா!"

"கத்தாத. கையில என்ன?"

"அது... அம்மா, இது..."

"பூவா?"

அதிகாரி சுற்றிலும் பார்த்தார். ஐம்பது பேர். இரண்டு புகைப்படக்காரர்கள். பூ என்றால் பறித்த குற்றம். பூ இல்லை என்றால், வாடாத மக்களைப் பற்றி ஒன்பது பக்கம் பேசியது எதைப் பார்த்து?

"பூதான்ம்மா" என்றார்.

"அங்க பலகைல என்ன எழுதியிருக்கு? படி. நீ படிச்ச புள்ளதான?"

"பறிப்பவர்களுக்குத் தண்டம்."

"துர்துகான்" என்றாள் கிழவி. "உன் வேலையப் பாரு."

துர்துகான் சீட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அவள் கை நடுங்கியதாக நான் எழுதினேன். மொழிபெயர்த்துச் சொன்னதும் பெர்மெத் அந்த வரியை அடிக்கச் சொன்னாள். "அவ கையாவது, நடுங்கறதாவது." சரி, நடுங்கவில்லை. குனிந்து, நிதானமாக, அதிகாரியின் முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினாள். குற்றம் என்ற இடத்தில் 'அய்குல்' என்று எழுத வந்தவள், கொஞ்சம் யோசித்து, 'பூ, ஒன்று' என்று எழுதினாள். பொய்யும் இல்லை.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். சீட்டின் மூலையில் ஆரஞ்சுக் கட்டைவிரல் ரேகை.

கிழவி தன் கைப்பையைத் திறந்து இன்னொரு பூவை எடுத்து நீட்டினாள். "எனக்கும் ஒண்ணு போடு. வயசானவளேன்னு விட்டுடாத."

தம்பி பெண்டாட்டி கூட்டத்தில்தான் நின்றாள். முதலில் சிரித்தது அவள்தான். பிறகு மலையே சிரித்தது. அதிகாரிகூட.

7

நடந்தது இவ்வளவுதான். அடுத்த வருடத்திலிருந்து விழாத் தேதி தலைநகரத்திலிருந்து வருவதில்லை. துர்துகான் மொட்டுகளைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து நாள் சொல்வார், நான் ஒலிபெருக்கியில் சொல்வேன். சாதிர்பெக் இன்னமும் தலைவர்தான். நிழற்குடைக்கு இப்போது நீலப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

ஆனால் அந்தக் காலிப் பக்கம்? மேலே என்ன இருந்தது? மூன்று விதமாக எழுதினேன்.

அ) மொட்டு விரிந்திருந்தது. ஐந்து மணிகள். கிழவி குதிரையிலிருந்து இறங்கி, மண்ணில் முழங்காலிட்டு, தொடாமல் விரலால் காற்றில் எண்ணினாள்: ஒன்று, இரண்டு... ஆறு.

ஆ) பூ உதிர்ந்துவிட்டது. காய் மட்டும் நின்றது. கிழவி அதையே வெகுநேரம் பார்த்தாள். "சரி, அது வேலைய அது முடிச்சிடுச்சு" என்றாள்.

இ) அந்தாண்ட ஊர் ஆடு ஒன்று அப்போதுதான் தின்று முடித்து நிமிர்ந்தது. இரண்டு பெண்களும் ஆட்டுக்குத் தண்டம் எழுதினார்கள்.

(பெர்மெத்துக்கு மூன்றாவது பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டாவது. முதலாவதைத்தான் நீங்கள் விரும்புவீர்கள் என்று தெரியும்.)

மூன்றையும் அக்காவுக்குச் சொன்னேன். மூன்றையும் ஒரே முகத்தோடு கேட்டார்.

"எது சரிக்கா?"

"நல்லாத்தான் சொல்ற மாப்ள" என்றார்.

8

முடிவு என்று எதையாவது எழுதித் தொலைக்கலாம் என்றிருந்தேன். அப்போதுதான், இந்த ஏப்ரலில், ஒரு பழைய கார் என் கடை வாசலில் வந்து நின்றது. அதிகாரி. கூட யாரும் இல்லை. இப்போது பதவியும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

உல்கான் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒவ்வொரு வசந்தத்திலும் துர்துகானுக்குத் தொலைபேசியில் பேசுவாளாம். மகனிடம் மட்டும் அன்று மேலே என்ன பார்த்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அவர் கேட்டபோதெல்லாம், "உனக்குக் காலில்லையா?" என்றாளாம்.

"அக்கா, எங்கம்மா என்ன பாத்தாங்க?" என்று அவர் துர்துகானிடம் கேட்டார்.

"அவங்க பாத்தத நான் எப்படிச் சொல்றது? வாங்க."

நானும் கூடப் போனேன். கதைக்காரன் புத்தி. மேல் வளைவு வரைக்கும் குதிரை. அங்கே துர்துகான் கையை நீட்டி எங்கள் இருவரையும் நிறுத்தினாள். என்னைப் பார்த்து, "நீ உக்காரு" என்றாள். அவரைப் பார்த்து, "நீங்க அந்தப் பாறையச் சுத்திப் போங்க. வலது கைப்பக்கம். கால பாத்து வைங்க" என்றாள்.

அவர் போனார். நாங்கள் இரண்டு பேரும் உப்புத் தயிர் உருண்டையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று. கீழே யாரோ மாட்டைக் கூப்பிடும் சத்தம். நான் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்தார். ஒரு காலணியைக் காணோம். அதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. துர்துகான் எதிரே வந்து நின்றார். ஒன்பது பக்கம் மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர், இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை சொன்னார்.

"அக்கா, அங்க

(எழுத முடியவில்லை என்பதில்லை. என் காதால் கேட்டேன். ஆனால் அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வாக்கியம் மேலே திறந்தே கிடக்கிறது. நீங்கள் முடியுங்கள். பார்த்து, மெதுவாக.)